டெக்ஸ்மெடெடோமிடின் மயக்க ஊசி: நாயின் இதயத்தை முன்வைத்து ஒரு மதிப்புரை

எக்ஸ்ரே எடுக்க, ஆழமான காயத்தைக் கழுவித் தைக்க, சீழ் கட்டிய காதைச் சுத்தம் செய்ய என, நாயைச் சிறிது நேரம் அசையாமல் படுக்க வைக்க வேண்டிய வேலைகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் இன்று பரவலாகப் பயன்படுத்தும் மருந்துகளில் டெக்ஸ்மெடெடோமிடின் ஊசி முன்வரிசையில் நிற்கிறது. மெடெடோமிடின் என்ற முந்தைய மருந்தில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்த இரு வகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். அவற்றுள் மயக்கம் தரும் வகையை மட்டும் பிரித்தெடுத்ததே இது. பின்லாந்தின் ஓரியான் நிறுவனம் உருவாக்கிய இம்மருந்து டெக்ஸ்டோமிடார் என்ற வணிகப் பெயரில் 2002-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும், நாய்களுக்காக 2006-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இதை நெடுங்காலமாகக் கையாண்டு வரும் கால்நடை மருத்துவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதயம் நன்றாக இருக்கும் நாய்க்கு இதைவிட நம்பகமான மயக்க ஊசி கிடைப்பது அரிது. இதய நோயுள்ள நாய்க்கோ, இதயத்தையே சோதிக்க வேண்டிய நாய்க்கோ இது தவறான மருந்து. இந்த வேறுபாட்டை நாய் வளர்ப்பவர்களும் இளம் மருத்துவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பயன்படுத்துவதற்கு எளிதான மருந்து இது. ஒரு மில்லிலிட்டரில் 0.5 மில்லிகிராம் மருந்து இருப்பதால், பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்குத் தசையில் போடும் முழு அளவுகூட அரை மில்லிலிட்டரை ஒட்டியே வரும். முரண்டு பிடிக்கும் நாய்க்குச் சிறிய ஊசியில் சட்டென்று போட்டுவிடலாம். நரம்பு (அதாவது சிரை இரத்தக் குழாய்) வழியாகச் செலுத்தினால் சில நிமிடங்களிலும், தசையில் போட்டால் கால் மணி நேரத்துக்குள்ளும் நாய் தலையைத் தாழ்த்திப் படுத்துவிடும். வலியைக் குறைக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு. ஆனால் அளவைக் கணக்கிடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தயாரிப்பாளர் தரும் அளவு எடையை வைத்து அல்ல, உடற்பரப்பை வைத்து: தசையில் போடச் சதுர மீட்டருக்கு 500 மைக்ரோகிராம், நரம்பில் 375 மைக்ரோகிராம். இந்தக் கணக்கின்படி ஐந்து கிலோ நாய்க்குத் தசை வழியே கிலோவுக்கு ஏறத்தாழ 29 மைக்ரோகிராமும், நாற்பது கிலோ நாய்க்கு அதில் பாதியளவான 15 மைக்ரோகிராமும் வருகின்றன. எடைக்கு இத்தனை என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டு எல்லா நாய்க்கும் ஒரே வீதத்தில் போடுபவர், பெரிய நாய்க்குத் தேவையைவிட இரு மடங்கு கொடுத்துவிடக்கூடும். மருந்துடன் வரும் அட்டவணையைப் பார்த்துப் போடுவதில் எந்த மருத்துவருக்கும் குறைவு வந்துவிடாது.

இனி இதயத்துக்கு வருவோம். இம்மருந்து வேலை செய்வது ஆல்ஃபா-2 எனப்படும் ஏற்பிகளின் மீது, அதாவது செல்களில் மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களின் மீது. அந்த ஏற்பிகள் மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கின்றன. அங்கே மருந்து சேர்வதால்தான் உறக்கமும் வலிக் குறைவும் உண்டாகின்றன. அதே ஏற்பிகள் உடல் முழுவதும் உள்ள இரத்தக் குழாய்களின் சுவர்த் தசையிலும் இருக்கின்றன. அங்கே மருந்து சேர்ந்ததும் குழாய்கள் இறுகிச் சுருங்குகின்றன. மருந்து ஏறிய முதல் சில நிமிடங்களில் நடப்பது இந்தச் சுருக்கம்தான். இரத்த அழுத்தம் எழும்புகிறது, கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அதைக் கண்டுகொண்டு, வேகத்தைக் குறைக்குமாறு இதயத்துக்குச் செய்தி அனுப்புகின்றன, துடிப்பு இறங்குகிறது. குழாய்களின் இறுக்கம் மெல்லத் தளரும் இரண்டாம் கட்டத்தில், இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் வழியாக மூளையிலிருந்து வரும் தூண்டுதலே குறைந்துவிடுவதால், இரத்த அழுத்தம் வழக்கமான அளவுக்கோ சற்றுக் கீழாகவோ வந்த பின்பும் துடிப்பு மட்டும் மெதுவாகவே நீடிக்கிறது.

இதன் விளைவாக, ஒரு நிமிடத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் மொத்த அளவு பாதியாகவும், சில நாய்களில் பாதிக்கும் கீழாகவும் குறைந்துவிடுகிறது. திடமான நாய் இதை எப்படித் தாங்குகிறது என்பது நியாயமான கேள்வி. தோலுக்கும் தசைக்கும் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொண்டு, மூளை, இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றுக்கு உடல் முன்னுரிமை தருகிறது. அத்துடன், வந்து சேரும் இரத்தத்திலிருந்து திசுக்கள் கூடுதலான ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கின்றன. கையிருப்பு உள்ள இதயத்தால் இந்த ஏற்பாட்டை ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பொறுத்துக்கொள்ள முடியும்.

இதை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒரு காட்சியைச் சொல்கிறேன். கம்பி கிழித்த தொடைக் காயத்துடன் வந்த ஒரு இளம் லாப்ரடார். ஊசிக்கு முன் பதற்றத்தில் நிமிடத்துக்கு 120 வரை துடித்துக்கொண்டிருந்த இதயம், மருந்து ஏறியதும் 70 ஆகி, 55 ஆகி, 45-ஐச் சுற்றி நின்றது. இசிஜி திரையில் மேலறையின் சிறு அலை தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஆனால் இடையிடையே ஒரு சிறு அலைக்குப் பின் வர வேண்டிய கீழறையின் கூர்மையான அலை வராமல், கோடு தட்டையாக ஓடிப் பிறகுதான் அடுத்த துடிப்பு வந்தது. இரண்டாம் நிலை இதய அடைப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்; இது இரத்தக் குழாய் அடைப்பு அல்ல, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் போவதில் வரும் தடை. இம்மருந்தின் கீழ் இது வழக்கமாகக் காணப்படுவது. ஈறு வெளிறிச் சாம்பல் சாயல் காட்டியது. நாக்கில் மாட்டிய ஆக்சிஜன் அளவி ஒரு எண்ணைக் காட்டுவதும் கோடுகளைக் காட்டுவதுமாகத் தடுமாறியது. நாக்கின் நுண்குழாய்கள் சுருங்கிக் கிடந்ததால் கருவிக்குப் போதிய துடிப்பு கிடைக்கவில்லை. ஆனால் தொடையின் உள்பக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தபோது நாடி மெதுவாகவும் நிறைவாகவும் அடித்தது. இரத்த அழுத்தமும் போதுமான அளவில் இருந்தது. இத்தகைய நாய்க்கு மூக்கருகே ஆக்சிஜன் பிடிப்பதும், உடல் சூடு இறங்காமல் போர்த்துவதும், கண்ணை எடுக்காமல் கவனிப்பதுமே செய்ய வேண்டியவை.

அந்த இடத்தில் செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது. துடிப்பு 45 என்ற எண்ணைப் பார்த்துப் பதறி அட்ரோபின் போடுவது. சுருங்கிய குழாய்களை எதிர்த்து இரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால்தான் இதயம் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அந்தச் சுருக்கம் அப்படியே இருக்கும்போது அட்ரோபின் இதயத்தை மட்டும் விரட்டினால், இரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் போகும். இதயத் தசைக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் வெகுவாகக் கூடும். ஒழுங்கற்ற துடிப்புகள் கிளம்பும். அழுத்தம் நன்றாக இருந்தால் மெதுவான துடிப்பை அதன் போக்கில் விட வேண்டும். அழுத்தமும் விழுந்து துடிப்பும் விழுந்தால், அப்போது முதலில் எடுக்க வேண்டியது முறிமருந்தான அடிபமெசோல்.

இந்த முறிமருந்துதான் இப்பொருளின் மிகப் பெரிய பலம் என்று நான் கருதுகிறேன். டெக்ஸ்மெடெடோமிடின் எத்தனை மில்லிலிட்டர் போடப்பட்டதோ அதே அளவு அடிபமெசோலைத் தசையில் போட்டால், ஐந்து பத்து நிமிடங்களில் முதலில் ஈறு சிவக்கும், பிறகு காது அசையும், பிறகு நாய் தலையைத் தூக்கி யாரைத் தேடுகிறதோ அவரைத் தேடும். அவசரத்தில் இதை நரம்பு வழியே வேகமாகச் செலுத்துவது நல்லதல்ல. இறுகியிருந்த குழாய்கள் ஒரே நொடியில் விரிந்து அழுத்தம் சடாரென்று விழவும், இதயம் தாறுமாறாக ஓடவும் இடமுண்டு. மயக்கத்தோடு சேர்ந்து வலிக் குறைவும் நீங்கிவிடும் என்பதால், தையல் போட்ட நாய்க்கு வேறொரு வலி மருந்தை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும்.

அளவைக் குறைத்துக்கொண்டால் இதயம் தப்பித்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது முழு உண்மையல்ல. கிலோவுக்கு ஐந்து மைக்ரோகிராம் அளவில் கொடுத்தாலும் துடிப்பு கணிசமாகவே இறங்கும். அளவு குறையக் குறையப் பெரிதும் சுருங்குவது விளைவு நீடிக்கும் நேரமே தவிர, அதன் வலிமை அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. பியூட்டர்பனால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலி) மருந்தோடு சேர்த்துக் குறைந்த அளவில் கொடுப்பது நல்ல வழக்கம்தான். நானும் பெரும்பாலும் அப்படியே செய்கிறேன். ஆனால் அதை நோயுள்ள இதயத்துக்கான அனுமதிச் சீட்டாக எண்ணிவிடக் கூடாது.

நோயுள்ள இதயத்தில் என்ன நடக்கும் என்பதை மைட்ரல் வால்வு தேய்ந்த நாயை வைத்துப் பார்க்கலாம். வயதான சிறிய நாய்களில் மிக அதிகமாகக் காணப்படும் இதய நோய் இதுதான். இடது கீழறை சுருங்கும்போது இரத்தத்தின் ஒரு பகுதி பெருந்தமனிக்கும், ஒரு பகுதி சரியாக மூடாத வால்வின் வழியே பின்னோக்கி மேலறைக்கும் போகிறது. டெக்ஸ்மெடெடோமிடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி முன்வாசலை இறுக்கிவிட்டால், இரத்தம் பின்வாசலைத்தான் நாடும். கசிவு கூடுகிறது, மேலறையின் அழுத்தம் ஏறுகிறது, அதன் பின்னால் இருக்கும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் வருகிறது. டாபர்மேன் போன்ற பெரிய இனங்களில் வரும் இதயத் தசைத் தளர்ச்சி நோயில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சுருங்கும் வலிமையே இல்லாத கீழறையின் மீது கூடுதல் சுமை ஏற்றப்படுகிறது. துடிப்பு ஏற்கெனவே நின்று நின்று வரும் நாய்க்கு இது தரும் தீங்கைச் சொல்லவே வேண்டாம். தயாரிப்பாளரின் குறிப்பே இதய நோயுள்ள நாய்க்கு இதைத் தடை செய்கிறது. அந்த வரியைப் படிக்காமல் குப்பியைத் திறப்பது பொறுப்பற்ற செயல்.

அடுத்தது, ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை. இங்கே ஆபத்து உயிருக்கு அல்ல, முடிவுக்கு. ஆரோக்கியமான நாய்க்கு இம்மருந்தைப் போட்டு எக்கோ எடுத்தால், சுருங்கிய நிலையிலும் கீழறை பெரிதாகத் தெரியும், சுருங்கும் விகிதம் குறைந்து காட்டும், நன்றாக இருக்கும் வால்விலும் சிறு கசிவு தோன்றும். பெருந்தமனிக்குள் பாயும் இரத்தத்தின் வேகமும் குறைந்துவிடும் என்பதால், பெருந்தமனி வால்வின் கீழ்ப் பகுதி பிறவியிலேயே குறுகிப்போன நாய்க்கு அந்தக் குறுகல் உண்மையைவிட லேசானதாகத் தோன்றும். இல்லாத நோய் இருப்பதாகவும், இருக்கும் நோய் சிறியதாகவும் ஒரே மருந்து காட்டிவிடுகிறது. இதயத் தசை தளர்ந்துவிட்டதாக ஐயம் எழுப்பிய ஓர் எக்கோ அறிக்கையோடு ஒரு நாய் என்னிடம் வந்தது. பரிசோதனைக்கு முன் ஆல்ஃபா-2 ஊசி போட்டிருக்கிறார்கள், ஆனால் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சில நாட்கள் கழித்து மயக்கமின்றி எடுத்த எக்கோவில் எல்லா அளவுகளும் வரம்புக்குள் இருந்தன. இடைப்பட்ட நாட்களில் அந்தக் குடும்பம் பட்ட வேதனைக்கு யாரும் ஈடு செய்ய முடியாது.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இன்று மருந்து தொடங்கும் முடிவே எக்கோ அளவுகளைச் சார்ந்திருக்கிறது. மைட்ரல் வால்வு நோயில் அறிகுறி தோன்றும் முன்பே பிமோபென்டான் என்ற இதய மருந்தைத் தொடங்கலாமா என்பதை, இடது மேலறைக்கும் பெருந்தமனிக்கும் உள்ள விகிதம் 1.6-ஐ எட்டியதா, எடைக்கேற்பச் சரிசெய்த கீழறையின் உள்விட்டம் 1.7-ஐ எட்டியதா என்பதையும் வைத்தே முடிவு செய்கிறோம். அந்த அளவுகளை மருந்து நகர்த்திவிடும் சூழலில் எடுத்த அறிக்கையை நம்பி வாழ்நாள் மருந்தைத் தொடங்குவதும் தவறு, தள்ளிப்போடுவதும் தவறு. பெரும்பாலான நாய்கள் இருட்டான, அமைதியான அறையில், தலைமாட்டில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், ஊசியே இல்லாமல் பக்கவாட்டில் படுத்து எக்கோவுக்கு இடம் தருகின்றன. முடியாத நாய்க்கு பியூட்டர்பனால் மட்டுமோ, அதனுடன் மிகக் குறைந்த அளவு அசெப்ரோமசினோ போதும். எது கொடுக்கப்பட்டாலும் மருந்தின் பெயரும் அளவும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். இதை நாய் வளர்ப்பவர் கேட்டு எழுதி வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க மற்ற மருந்துகளையும் சொல்ல வேண்டும். அசெப்ரோமசின் இரத்தக் குழாய்களில் நேர் எதிரான வேலையைச் செய்கிறது, அவற்றை விரித்துவிடுகிறது. அதனால் கசியும் வால்வுக்குச் சுமை குறைகிறது, ஒழுங்கற்ற துடிப்புகளும் ஓரளவு அடங்குகின்றன. ஆனால் நீரிழந்த அல்லது இரத்தம் இழந்த நாய்க்கு அழுத்தம் அபாயகரமாக விழும், பாக்ஸர் இனத்தில் சில நாய்கள் சிறு அளவிலும் மயங்கி விழுவதுண்டு, வலிக் குறைவு கிடையாது, முறிமருந்தும் கிடையாது. பியூட்டர்பனால் இதயத்தை ஏறக்குறைய தொடுவதே இல்லை. குறை என்னவென்றால் தனியே கொடுத்தால் மயக்கம் லேசானது, நேரமும் குறைவு. கோலி போன்ற இனங்களில், சில மருந்துகள் மூளைக்குள் சேராமல் காக்கும் எம்.டி.ஆர்.1 மரபணுவில் குறைபாடு இருந்தால் இவ்விரண்டின் அளவையும் குறைத்தாக வேண்டும். மிடசோலம் இதயத்துக்கு மென்மையானது. ஆனால் துடிப்பான இளம் நாய்க்குத் தனியே கொடுத்தால் அடங்குவதற்குப் பதில் கிளர்ந்தெழும். கெட்டமின் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும். சைலசின் டெக்ஸ்மெடெடோமிடினின் பழைய உறவு. இதயத்தின் மீதான விளைவுகளும் அதே வழியில் போகின்றன, ஆல்ஃபா-2 ஏற்பியை மட்டும் தேர்ந்து சேரும் தன்மையோ இதற்குக் குறைவு. இரண்டும் கிடைக்கும் இடத்தில் சைலசினைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

புதிதாக வந்திருக்கும் ஜெனால்ஃபாவைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன சிக்கலின் வேரிலேயே அது கை வைக்கிறது. மெடெடோமிடினுடன் வடினோக்சான் என்ற மருந்தைச் சேர்த்து ஒரே குப்பியில் தரும் இது 2021-இன் இறுதியில் ஐரோப்பாவிலும் 2022-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. முறிமருந்தான அடிபமெசோலைப் போல வடினோக்சானும் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தடுப்பதுதான். ஆனால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. எனவே மூளையில் மெடெடோமிடின் தன் மயக்க வேலையைச் செய்கிறது. வெளியே இரத்தக் குழாய்களில் அதன் பிடியை வடினோக்சான் தளர்த்துகிறது. துடிப்பும் வெளியேறும் இரத்த அளவும் முன்னைப்போல் விழுவதில்லை; மயக்கமும் விரைவில் வந்து விரைவில் விலகுகிறது. குறைகளும் உண்டு. மயக்கம் ஆழமாக நிற்கும் நேரம் முக்கால் மணியை ஒட்டியதுதான் என்பதால் நீண்ட வேலைக்கு உதவாது. குழாய்கள் விரிந்திருப்பதால் உடல் சூடு வேகமாக இறங்குகிறது. வலி மிகுந்த சிகிச்சைக்கு இது மட்டும் போதாது. தசையில் மட்டுமே போட வேண்டும். இதயம் நன்றாக உள்ள நாய்க்குக் குறுகிய நேர எக்ஸ்ரே போன்ற வேலைகளில் இதுவே மேலானது என்பது என் துணிபு. ஆனால் இதய நோயுள்ள நாய்க்கு இதையும் அதன் குறிப்பு தடை செய்கிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இதயத்துக்கு மென்மையான மருந்து என்ற பேச்சைக் கேட்டு அந்த வரம்பைத் தாண்டுபவர்கள் இருக்கிறார்கள்.

எந்த மருந்தாக இருந்தாலும், ஊசி போட்ட பிறகான கவனிப்பில் காட்டப்படும் அலட்சியம்தான் என்னை அதிகம் கவலைகொள்ள வைக்கிறது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை, மயக்கம் கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 98,000 நாய்களைத் தொடர்ந்து பதிவு செய்த ஆய்வில், ஆரோக்கியமான நாய்களில் இறப்பு 0.05 சதவீதமாகவும், நோயுற்ற நாய்களில் 1.33 சதவீதமாகவும் இருந்தது. அந்த இறப்புகளில் ஏறக்குறைய பாதி, வேலை முடிந்த பிறகு நேர்ந்தவை. அவற்றிலும் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்துக்குள். முறிமருந்து போட்டு நாய் எழுந்து நின்றுவிட்டது என்பதற்காக உடனே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவதை நான் ஏற்பதில்லை. அடிபமெசோலின் வேகம் தணிந்ததும் சில நாய்கள் மீண்டும் உறக்கத்தில் ஆழ்வதுண்டு. நாய் தானாக நடந்து, ஈறு இளஞ்சிவப்பாக இருந்து, உடல் சூடு மீண்ட பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. வெடிச் சத்தத்துக்கும் இடிக்கும் மிரளும் நாய்களுக்காக, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே தடவும் ஜெல்லாக சிலியோ என்ற பெயரில் வருவதும் இதே டெக்ஸ்மெடெடோமிடின்தான். அளவு குறைவு என்பதால் பெரும்பாலான நாய்களுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் தடவும் மருந்துதானே என்று எண்ணி, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்பதாக மருத்துவர் ஏற்கெனவே சொன்ன நாய்க்குப் பக்கத்து வீட்டாரிடமிருந்து வாங்கித் தடவிவிடக் கூடாது. கடுமையான இதய நோய்க்கு அந்த ஜெல்லிலும் தடை உண்டு. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எக்கோ பார்த்த மருத்துவரால்தான் சொல்ல முடியும்.